கேப்பர் மலையில் வீடு கட்டுங்கள், மலையை வெட்டாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கடலூரில் மனையோ வீடோ வாங்க நினைப்பவர்கள் பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள்.

முதுநகரில் யாரிடம் பேசினாலும் இப்போது ஒரே பேச்சுதான். "சார், தாழ்வான இடமே வேணாம், மேட்டுப் பக்கம் போயிடலாம்." இதில் தப்பே இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 மழை வெள்ளம் என்று பதினோரு ஆண்டுக்குள் மூன்று பெரிய அடி வாங்கிய ஊர் இது. பிள்ளைகுட்டிக்காரர்கள் மேட்டைத் தேடத்தான் செய்வார்கள்.

கடலூருக்குப் பக்கத்தில் இருக்கிற மேடு கேப்பர் மலை. பாரதியாரை 1918-இல் அடைத்து வைத்திருந்த மத்திய சிறை அங்கேதான் இருக்கிறது. முந்திரி, பலா, வாழை விளைகிற செம்மண் பூமி. இப்போது அந்தப் பக்கமும் மனைகள் போட ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்து அடுக்குமாடிதான். அது வரவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எப்படிக் கட்டுவது என்பதை வருவதற்கு முன்பே பேசிவிடுவோம் என்கிறேன்.

பெயரில்தான் மலை. ஏற்காடு மாதிரி கடினப் பாறை இல்லை. செம்மண்ணும், அதற்குக் கீழே அவ்வளவாக இறுகாத மணற்கல்லும். புவியியலார் இந்தப் பாறைக்கு வைத்திருக்கும் பெயரே 'கடலூர் மணற்கல்'. மழை விழுந்தால் நீர் உள்ளே இறங்கித் தங்கும். கேப்பர் மலையில் உள்ள ஆழ்துளைக் கிணறுகளிலிருந்துதான் நகரத்துக்குக் குடிநீர் வருகிறது. அதாவது அந்த மலை நம் தண்ணீர்த் தொட்டி. அதன்மேல் முழுக்க சிமெண்ட் போட்டால் தொட்டியின் வாயை நாமே அடைக்கிறோம் என்று பொருள்.

இன்னொன்று. இந்த மண் மரமும் புல்லும் பிடித்திருக்கும் வரைதான் நிற்கும். அவற்றை எடுத்துவிட்டால் இரண்டு மழையில் பள்ளம் பள்ளமாக அரித்துவிடும். மேடு என்பதாலேயே வெள்ளம் வராது என்றும் நினைக்காதீர்கள். 2015 நவம்பரில் பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடையில் திடீரென்று வந்த வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறக்க முடியுமா?

நம் ஊரில் வேலை எப்படி ஆரம்பிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். முதலில் பொக்லைன் வரும். மேட்டை வெட்டி, பள்ளத்தை மூடி, எல்லாவற்றையும் கிரிக்கெட் மைதானம் மாதிரி ஆக்கிவிட்டுத்தான் வரைபடத்தையே விரிப்பார்கள். வெட்டிய செம்மண் லாரியில் போய்விடும். ஓடை இருந்த இடத்தில் காம்பவுண்டு சுவர் எழும்பும்.

வேறு வழி இருக்கிறது. ஜப்பானில் கோபே நகரத்துக்கு முன்னால் கடல், பின்னால் ரோக்கோ மலை. அங்கே ததாவோ ஆண்டோ என்ற கட்டடக் கலைஞர் சுமார் 60 டிகிரி சரிவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டினார். 1983-இல் முடிந்தது. சரிவின் போக்கிலேயே வீடுகளைப் படிக்கட்டு மாதிரி அடுக்கினார். கீழ்வீட்டின் கூரை மேல்வீட்டுக்கு மொட்டை மாடி. வீடும் கிடைத்தது, மலையும் மலையாக இருக்கிறது.

மலையை மதிக்காமல் வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஹாங்காங் சாட்சி. 1972 ஜூன் 18 அன்று, விடாமல் பெய்த மழையில் போ ஷான் சாலைப் பகுதியில் சரிவு இடிந்து 12 மாடிக் குடியிருப்பு ஒன்றைச் சாய்த்தது. 67 பேர் இறந்தார்கள். கட்டுமானத்துக்காகச் சரிவை வெட்டியிருந்ததும் ஒரு காரணம். மலைச்சரிவுகளைக் கவனிக்க அங்கே 1977-இல் தனி அலுவலகமே தொடங்கினார்கள்.

"கேப்பர் மலை அவ்வளவு செங்குத்தா சார்?" என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் ஹாங்காங்கில் அது ஒரே நாளில் நடந்தது. இங்கே குழாயில் தண்ணீர் குறைந்து குறைந்து மெதுவாக நடக்கும். அதனால் யாரும் பதறமாட்டார்கள். எனக்குப் பயமே அதுதான்.

நான் கேட்பது நான்கு. ஒன்று, சமன்செய்யாமல் சரிவோடு கட்ட வேண்டும். பட்டா நிலத்துக்குள் ஓடினாலும் ஓடையைத் தொடக்கூடாது. இரண்டு, 2019 கட்டட விதிப்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 விழுக்காடு திறந்தவெளி ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம். இந்த மலையில் மட்டும் பணம் வாங்காதீர்கள், நிலமாகவே வாங்குங்கள். பணத்துக்குள் மழைநீர் இறங்காது. மூன்று, கழிவுநீர். நீரை உறிஞ்சுகிற மண்ணில் நூறு வீட்டுக் கழிவை செப்டிக் டேங்கில் விட்டால், அது நாம் குடிக்கிற நீரை நோக்கித்தான் இறங்கும். சுத்திகரிப்பு இல்லாமல் அனுமதியே தரக்கூடாது. நான்கு, காற்று. தானே புயலில் மலையில் முந்திரியும் பலாவும் வேரோடு விழுந்தன. கடல் தெரிய வேண்டும் என்று சுவர் முழுக்கக் கண்ணாடி வைக்கும் வடிவமைப்பு இங்கே ஆகாது.

என்னிடம் படித்தவர்களில் இன்று பொறியாளர்கள் இருக்கிறீர்கள், மனைத் தொழிலில் இருக்கிறீர்கள், அரசு அலுவலகத்தில் இருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்துக்கு இதில் வேலை இருக்கிறது. வாங்கப் போகிறவர்களும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். மழைத்தண்ணீர் எங்கே போகும்? கழிவு எங்கே போகும்? இங்கே இருந்த ஓடை எங்கே? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால், எத்தனை மாடியில் கடல் தெரிந்தாலும் பணத்தை எடுக்காதீர்கள்.