ராஜ்யங்களின் சபையா, கட்சிகளின் சபையா?

டில்லிப் பார்லிமெண்டின் மேல் சபைக்கு 1954-ம் வருஷம் ராஜ்ய சபை என்று பெயர் சூட்டினார்கள். ராஜ்யங்களின் பிரதிநிதிகள் கூடும் சபை என்பது அதன் கருத்து. இரண்டு வருஷங்களுக்கு ஒரு முறை அங்கத்தினரில் மூன்றில் ஒரு பங்கினர் விலகிப் புதியவர் வரும்போதெல்லாம், எந்தக் கட்சிக்கு எத்தனை ஸ்தானம் கூடிற்று, எத்தனை குறைந்தது என்ற கணக்கே பேச்சாக இருக்கிறது. எந்த ராஜ்யத்தின் குரல் ஓங்கிற்று என்று கேட்பார் இல்லை. பெயர் ஒன்றாகவும் நடப்பு வேறாகவும் ஆனது எப்படி என்பதைச் சிறிது ஆராய விரும்புகிறோம்.

இச்சபையின் ஸ்தானங்கள் தற்சமயம் 245. இவற்றில் 233-க்குச் சட்டசபை அங்கத்தினர்கள் வோட்டளித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் பங்கு 18. எஞ்சிய 12 பேரை, இலக்கியம், விஞ்ஞானம், கலை, சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர் என்ற முறையில் ஜனாதிபதி நியமிக்கிறார். சபை கலைவதில்லை. ஆவேசத்தில் பிறக்கும் சட்டங்களைச் சற்றே தடுத்து நிறுத்தி, நிதானமாக விவாதிக்க ஓர் இடம் வேண்டும் என்றே 1947-ல் அரசியல் நிர்ணய சபையில் கோபாலஸ்வாமி ஐயங்கார் இதற்காக வாதாடினார். ராஜ்யங்களின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயத்தில் பார்லிமெண்ட் சட்டமியற்ற வேண்டுமானால், 249-வது ஷரத்தின்படி இச்சபையில் வோட்டளிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் இணங்க வேண்டும். ஆனால் மந்திரிசபை லோக சபைக்கு மட்டுமே பொறுப்பானது. மேல் சபையில் எந்தப் பிரேரணை தோற்றாலும் சர்க்கார் கவிழாது. இந்த ஒன்றை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம்; நம் வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

இச்சபை தன் கடமையைச் செய்த சந்தர்ப்பங்கள் இல்லாமல் இல்லை. 1970-ல் மன்னர் மானிய ஒழிப்பு மசோதாவுக்குச் சாதகமாக 149 பேரும் எதிராக 75 பேரும் வோட்டளித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வோட்டில் மூன்றிலொரு பாகம் குறைந்தது, மசோதா வீழ்ந்தது. மானியங்களுக்காக நாம் கண்ணீர் விடுபவர் அல்லோம். எனினும் சர்க்கார் மறு வருஷம் பொதுத் தேர்தலில் ஜனங்களின் தீர்ப்பைப் பெற்று வந்தே அக்காரியத்தை முடிக்க நேர்ந்தது. 1989-ல் பஞ்சாயத்து மசோதாவும் இங்கே தோற்றது. ராஜ்யங்களை ஒதுக்கிவிட்டு மத்திய சர்க்கார் கிராமங்களை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது என்ற ஆட்சேபத்துக்கு அன்று மதிப்பிருந்தது. நல்ல நோக்கம் கெடவில்லை. 1992-ல் அது வேறு உருவில் நிறைவேறிற்று.

பின் நிலைமை மாறியது ஏன்? முதற் காரணம், 1985-ல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த பத்தாவது அட்டவணை. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வோட்டளிப்பவர் பதவி இழப்பார் என்பது அதன் விதி. கட்சி தாவி மந்திரிசபைகளைக் கவிழ்க்கும் இழிதொழிலை ஒழிக்க வந்த மருந்து அது. லோக சபைக்கு அது பொருந்தும். ஆனால் மந்திரிசபையைக் கவிழ்க்கும் சக்தியே இல்லாத சபைக்கு அம்மருந்து எதற்கு? நோயில்லாதவனுக்குப் பத்தியம் விதித்தது போலாயிற்று. 1992-ல் இவ்விதியை ஊர்ஜிதம் செய்த சுப்ரீம் கோர்ட்டே, நம்பிக்கைப் பிரேரணைக்கும் கட்சியின் முக்கியக் கொள்கைக்கும் உட்பட்ட வோட்டுகளோடு இதன் கடுமை நிற்க வேண்டும் என்று கருதியது. நடைமுறையில் அந்த வரம்பை யார் கவனிக்கிறார்கள்?

விளைவைப் பாருங்கள். எதிர்க்கட்சிகளின் பாட்னா பொதுக்கூட்டத்தில் கலந்துகொண்டதற்காக 2017-ல் சரத் யாதவ் பதவி இழந்தார். 2019-ல் தெலுங்கு தேசம் கட்சியின் ஆறு அங்கத்தினரில் நால்வர் பாரதீய ஜனதா கட்சியில் சேர்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் ஆனபடியால் அது ‘இணைப்பு’ எனப்பட்டது. நால்வர் பதவியும் நிலைத்தது. அதே வருஷம் காஷ்மீர் மசோதா வந்தபோது, காங்கிரஸின் கொறடாவான புவனேஸ்வர் கலிதா, தமக்கு உடன்பாடில்லாத உத்தரவைப் பிறப்பிக்க மனமின்றிப் பதவியையே துறந்தார். பின்னர் பாரதீய ஜனதாவில் சேர்ந்தார். அவர் கருத்து சரியா தவறா என்பது இங்கே பேச்சல்ல. தனித்து நிற்பவனுக்குத் தண்டனை, கூட்டமாகத் தாவுவோர்க்கு மன்னிப்பு என்பது எந்த நியாயம்?

இரண்டாவது காரணம் 2003-ம் வருஷத்துத் திருத்தம். அதுவரை ஒரு ராஜ்யத்தின் பிரதிநிதி அந்த ராஜ்யத்து வாக்காளராக இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது, அது நீக்கப்பட்டது. ரகசிய வோட்டும் போயிற்று. சட்டசபை அங்கத்தினர் தம் சீட்டைக் கட்சி ஏஜெண்டிடம் காட்டியே பெட்டியில் இட வேண்டும். 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு இவ்விரண்டையும் செல்லும் என்றது. செல்லுபடியாவதெல்லாம் சிலாக்கியமாகிவிடாது. பணத்துக்கு வோட்டு விலைபோவதைத் தடுக்கவே இம்முறை என்றார்கள். ஆயினும் 2024-ல் ஹிமாசலப் பிரதேசத்தில் காங்கிரஸின் ஆறு சட்டசபை அங்கத்தினர் பகிரங்கமாகவே மாற்றி வோட்டளித்தார்கள். வோட்டுகள் 34-க்கு 34 ஆகி, சீட்டுக் குலுக்கி முடிவு காண வேண்டியதாயிற்று. காவலும் பயன்படவில்லை, சுதந்திரமும் போயிற்று.

நியமன அங்கத்தினரேனும் கட்சிக்கு அப்பாற்பட்டு நிற்கலாகாதா? ஆறு மாதத்துக்குள் ஒரு கட்சியில் சேர அவர்களுக்கும் சட்டம் வழி விட்டிருக்கிறது. 1952-ல் ருக்மிணி தேவி அருண்டேல் போன்றோரை அமர்த்திய ஆசனங்கள் அவை. புலமைக்காக அளித்த ஸ்தானத்தைக் கட்சிக் கணக்கில் வரவு வைப்பது அந்தக் கௌரவத்துக்கே பங்கம்.

கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் ஊழல் பெருகும் என்பர் சிலர். ஊழலுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. லஞ்சம் வாங்கியவனைச் சிறைக்கு அனுப்பட்டும். அதற்காக வாங்காதவன் வாயையும் பூட்டுவானேன்?

மேல் சபையில் கொறடாவின் உத்தரவுக்காக ஒருவர் பதவி இழக்கலாகாது. தம் ராஜ்யத்தின் வாக்காளராய் இருந்தவரே அதன் பிரதிநிதியாக வேண்டும். நியமனம் பெற்றவர் பதவிக்காலம் முழுவதும் கட்சியில் சேராதிருக்க வேண்டும். இந்த மூன்றும் சட்டத் திருத்தத்தால் ஆகக்கூடியவையே. இன்று டில்லியில் ஆள்வோர்க்கும் நாளை ஆள விரும்புவோர்க்கும் இவை ருசிக்கா என்பதை அறிவோம். ஆயினும் 1962-ல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற அண்ணாதுரையின் கட்டோடு உடன்படாத பேச்சையும் காது கொடுத்துக் கேட்டது இச்சபை. மாற்றுக் குரலுக்கு இடமளிப்பதால் தேச ஒற்றுமை குலைந்ததில்லை. அதற்கு உரமே ஏறிற்று. ராஜ்யங்கள் பேச வேண்டிய இடத்தில் கட்சிகள் மட்டுமே பேசுமானால், அச்சபைக்கு அப்பெயர் எதற்கு?