பாதத்துக்கு அடியில் ஒரு பலகை
அருகிலுள்ள பள்ளியிலேயே 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்; இயன்முறைச் சிகிச்சைக்கோ பிள்ளை பெரும்பாலும் வட்டார வள மையத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. அங்கே நீட்டி மடக்கிய கால், வகுப்பில் தரை எட்டாத பெஞ்சில் மறுபடி தொங்குகிறது. கால் ஊன்றாமல் முதுகு நிமிராது. முதுகு நிமிராமல் எழுதும் கை நிலைக்காது. பாதத்துக்கு அடியில் ஒரு பலகை, பென்சிலைத் தடிமனாக்கச் சுற்றிய துணி, கழிப்பறைச் சுவரில் கைப்பிடி: இவையும் சிகிச்சைதான். ஒரே சிகிச்சையாளர் எத்தனை பள்ளிக்குத்தான் ஓடுவார் என்பார்கள், நியாயமான கேள்வி. தினமும் வரவேண்டாம், பருவத்துக்கு ஒருமுறை வந்து ஆசிரியருக்குக் காட்டிக்கொடுக்கட்டும். மையப் பயிற்சியும் தேவைதான். ஆனால் அது சில மணி நேரம், பெஞ்சோ நாள் முழுதும்.