டெலிவரியோட சுகர் போயிடுச்சா? அம்மாவுக்கு இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி!

"குழந்தை பிறந்தாச்சுல்ல, இனி சுகர் தானா போயிடும்." போன வருஷம் என் அக்காவுக்கு டெலிவரி ஆனதும் பார்க்க வந்த எல்லாரும் சொன்னது இதுதான். பாதி உண்மை.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், தாயின் உடலில் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. எல்லா கர்ப்பிணிகளுக்கும் நடப்பதுதான். பெரும்பாலானவர்களுக்குக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். முடியாதபோது வருவதுதான் கர்ப்பகால சர்க்கரை நோய். 'மாசமா இருக்கும்போது ஸ்வீட்டா தின்னா, அதான்' என்று பழி போடும் சொந்தங்களே, ப்ளீஸ் நிறுத்துங்க.

தாயின் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. அதனால் குழந்தையின் கணையம் ஓவர்டைம் பார்க்கிறது. குழந்தையின் எடை எக்கச்சக்கமாக ஏறலாம். பிறந்த சில மணி நேரத்தில் அதற்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம்.

இதைக் கண்டுபிடிப்பதில் நாம் மோசமில்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ரத்தப் பரிசோதனை, 140-ஐத் தொட்டால் சிகிச்சை. இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. பஸ் பிடித்து வரும் கர்ப்பிணிக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! இந்த எளிய முறைக்காகப் போராடியவர் சென்னை டாக்டர் வி.சேஷய்யா. முதல் செக்-அப்பிலும், 24 முதல் 28 வாரத்துக்குள்ளும் இதை எடுக்கணும்.

சொதப்புவது பிரசவத்துக்குப் பிறகுதான். நஞ்சுக்கொடி வெளியேறியதும் சர்க்கரை இறங்கிவிடும், சரி. ஆனால், கணையம் ஒருமுறை தடுமாறிவிட்டதே? இவர்களுக்குப் பிற்காலத்தில் டைப் 2 சர்க்கரை நோய் வரும் ஆபத்து, மற்ற தாய்மார்களைவிட சுமார் 7 மடங்கு அதிகம். அதனால் 6-வது வாரத்தில் மறுபடி டெஸ்ட் எடுக்கணும். நார்மல் என்று வந்தாலும், ஒன்று முதல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கணும்.

அதே 6-வது வாரத்தில்தான் குழந்தைக்குத் தடுப்பூசியும். அதை ஞாபகப்படுத்தி ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்கு ரெண்டு எஸ்எம்எஸ் வந்தது. அவளோட டெஸ்ட்டுக்கு ஒன்றுகூட இல்லை. இந்த டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றோடு போகணும், பால் கொடுக்கும் அம்மாவுக்கு அது லேசான வேலை இல்லை. 2 மணி நேரம் குழந்தையை வெச்சுக்க ஆள் வேணும். அந்த ஆள் ஏன் அப்பாவாக இருக்கக் கூடாது?

தடுப்பூசி அட்டையில் 6-வது வாரத்துக்கு நேராக 'அம்மாவுக்கு சுகர் டெஸ்ட்' என்று ஒரு வரி அச்சடித்தால் போதும். அதற்குப் பெரிய பட்ஜெட் எல்லாம் வேண்டாம். அக்கா டெஸ்ட் எடுத்தபோது குழந்தைக்கு 8 மாசம். அதுவும் நான் நச்சரிச்ச பிறகு.