நீரை விரும்பும் நாயும் பாய்மரப் படகும்



மதரஸாவில் நஜாஸத் பாடம் நடந்துகொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் தாம் பார்த்த காணொளியைப் பற்றிக் கேட்டார். வெளிநாட்டுத் தம்பதியர் பாய்மரப் படகில் உல்லாசப் பயணம் செல்கின்றனர். கன்றுக்குட்டி போன்ற கரிய நாயொன்றும் உடன் செல்கிறது. “ஹஜ்ரத், அது தண்ணீரை விரும்பும் இனமாம். அதனால்தான் அழைத்துப் போகிறார்களாம்” என்றார். வகுப்பில் பாதிப் பேர் ரசித்தனர். மீதிப் பேர் ‘நஜீஸ்’ என்று முகம் சுளித்தனர். இரு சாராரும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்பதே நம் கருத்து.

அந்த நாய் நியூஃபவுண்ட்லாந்து இனம். கனடாவின் கிழக்கிலுள்ள அத்தீவின் மீனவர்கள் வலை இழுக்கவும், படகிலிருந்து கரைக்குக் கயிறு கொண்டு செல்லவும் அதை வளர்த்தனர். விரல்களுக்கிடையே சவ்வு உண்டு. நீர் எளிதில் ஊடுருவாத இரட்டை ரோமம் உண்டு. வளர்ந்த ஆண் நாயின் எடை 60 கிலோவைத் தாண்டும். இன்றும் இத்தாலியில் படகிலிருந்து குதித்து, மூழ்குவோரை மீட்க இவற்றைப் பழக்குகின்றனர்.

1803இல் அமெரிக்காவின் மேற்கே ஆய்வுப் பயணம் புறப்பட்ட மெரிவெதர் லூயிஸ், 20 டாலர் கொடுத்து இவ்வின நாயொன்றை வாங்கி, ‘மாலுமி’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். பாயும் துடுப்பும் கொண்ட 55 அடிப் படகில் அது சென்றது. ஒஹையோ ஆற்றை நீந்திக் கடந்த அணில்களைப் பிடித்து வந்து எசமானரின் உணவுக்குத் தந்தது. 1805 மே மாதம் ஓரிரவு முகாமுக்குள் பாய்ந்த காட்டெருமையைத் திசைதிருப்பியது. அதே மாதம் நீர்நாய் போன்ற பீவர் ஒன்று கடித்து இரத்தக்குழாய் அறுந்தபோது, அது பிழைக்காதோ என்று லூயிஸ் அஞ்சினார். மறு ஆண்டு கொசுக்கடி தாளாமல் அது ஊளையிட்டதையும் தம் குறிப்பேட்டில் எழுதினார். அந்த நாய்க்கு வேலை இருந்தது. அதன் வலியைக் கவனிக்க ஒருவர் இருந்தார்.

உல்லாசப் படகில் அதற்கு என்ன இருக்கிறது? நீரை விரும்பும் நாய்க்குப் படகும் பிடிக்கும் என்று எவர் சொன்னது? காற்றில் ஒருபக்கம் சாயும் வழுக்குத் தளத்தில் அது நாள் முழுதும் நிற்க வேண்டும். படகு திசை மாறுகையில் பாயின் அடிக்கழி தலைக்கு மேல் வீசிச் செல்லும். உள்ளறைக்கு இறங்கும் செங்குத்தான ஏணி மனிதருக்கே சிரமம். குளிர்நாட்டு ரோமத்தோடு நிழலற்ற வெயிலில் இரைக்கும்; நல்ல நீர் வைக்கப்படாவிட்டால் கடல்நீரைக் குடித்து வாந்தியெடுக்கும்; அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. மண்ணில் மட்டுமே மலசலம் கழித்துப் பழகிய நாய் கரை வரும்வரை அடக்கிக்கொண்டு தவிக்கும். அது கடலில் குதித்துவிட்டால், நனைந்த அந்த உடலை உயர்ந்த பக்கச்சுவரின் மேல் தூக்க இருவராலும் இயலாது. சரிவுப்பலகையோ, கைப்பிடியுள்ள மிதவை அங்கியோ இன்றி அழைத்துச் செல்பவர், அதன் விருப்பத்தையே அதற்குத் தூண்டிலாக்குகிறார். இதை அன்பு என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

இனி முகம் சுளித்தவர்களுக்கு. நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவுவது நம் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். மாலிகி மத்ஹபில் உயிருள்ள நாய் தூய்மையானது. எப்படியாயினும் அது கழுவுவதைப் பற்றிய சட்டமே; வெறுப்பதற்கான அனுமதி அதில் எங்கே இருக்கிறது? (நனைந்த நாயுள்ள சிறு படகில் தொழ இடம் தேடுவது ஷாஃபிஈக்குப் பெரும்பாடுதான், அது வேறு பேச்சு.) வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகியவற்றுக்கன்றி நாய் வளர்ப்பவரின் நன்மை நாள்தோறும் குறையும் என்பது ஆதாரபூர்வமான ஹதீஸ். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் வீட்டுக் காவலையும் கியாஸ் அடிப்படையில் இதில் சேர்த்தார்கள். உயிர் மீட்கும் நாயையும் சேர்க்கலாம் என்பது நமது தாழ்மையான கருத்து, அல்லாஹ்வே நன்கறிந்தவன். தேவையையும் ஆடம்பரத்தையும் மார்க்கம் இவ்வாறு பிரித்திருக்க, நம்மவர் இரண்டையும் ஒரே சுளிப்பில் தள்ளிவிடுகின்றனர்.

தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதை நம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கிறோம். பூனையை அடைத்துவைத்து, உணவும் தராமல், தானாகத் தேடித் தின்னவும் விடாத பெண் தண்டிக்கப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். படகும் ஓர் அடைப்புதான். சுற்றிலும் கடல் இருப்பதால் கதவு தேவைப்படவில்லை.

மாணவரிடம் ஒன்றே கேட்டோம்: “அந்தப் படகில் நிழல் இருந்ததா? நாய் ஏறிவரப் பலகை இருந்ததா?” மறுநாள் மீண்டும் பார்த்துவிட்டு வந்தார். நிழல் இருந்ததாம். பலகை இல்லையாம்.