கஸ் என்றாலும் வெட்டிவேரே



கோடை விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பும் நம் குடும்பங்களின் பெட்டிகளில் என்னென்ன இருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். புளி, நல்லெண்ணெய், வடகம், சீயக்காய்த்தூள். இவற்றினிடையே பாட்டி காகிதத்தில் சுற்றிக் கொடுத்த ஒரு வெட்டிவேர்க்கட்டு. தில்லிக்கோ இலக்னோவிற்கோ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இரயிலில் வந்து சேரும் அவ்வேர், நாம் குடியிருக்கும் தெருவிற்கு அடுத்த கடைத்தெருவிலேயே கிடைக்கிறது. அங்கு அதன் பெயர் ‘கஸ்’. இதனை அறியாதிருப்பது சிறிய செய்திதான்; ஆயினும் அதனால் நாம் இழப்பது சிறிதன்று என்பது என் கருத்து.

வெட்டிவேர் ஒரு புல்லின் வேர். ஆளுயரம் வளரும் அப்புல்லின் தாளில் மணம் இல்லை. மணமெல்லாம் மண்ணுக்குள் இருக்கிறது. இதன் வேர்கள் பக்கவாட்டில் படராமல் நேர்கீழாக இறங்குபவை. நல்ல மண்ணில் 3 மீட்டர் ஆழம்வரை செல்லும். மண்ணை இறுகப் பற்றுவதால் வயல் வரப்புகளிலும் சரிவான நிலங்களிலும் மண்ணரிப்பைத் தடுக்க இதனை நடுகின்றனர். கையால் இழுத்தால் வராது, வெட்டியே எடுக்கவேண்டும். பெயர்க்காரணமும் அதுவே என்பர். கடலூர் மாவட்டத்துக் கடலோர மணற்பாங்கான நிலங்களில் இதனைப் பயிரிடுகின்றனர். மணலாயின் வேர் அறாமல் தோண்டி எடுக்கலாம் அன்றோ?

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பிற்கு ஒரு கட்டு வேரைக் கொண்டுசென்று, நீர் தெளித்து, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். பெயரைச் சொல்லவில்லை. முகர்ந்து பார்த்த ஒரு மாணவி உடனே, “ஐயா, இது எங்கள் பழைய கூலரின் மணம்!” என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்கு அவ்விடை மிகவும் பிடித்திருந்தது. என் இளமையில் இம்மணம் மண்பானைத் தண்ணீரின் மணம். அவளுக்கோ ஏப்ரல் மாதத்து அறையின் மணம். இரண்டும் உண்மை. அவள் அறியாதிருந்தது ஒன்றுதான்: பாட்டி வீட்டுப் பானையில் கிடந்ததும் கூலரின் பக்கத்தில் அடைத்திருந்ததும் ஒரே வேர்.

ஒரே வேரை இரு நாட்டார் இருவகையாகப் பயன்படுத்தியதற்குக் காரணம் உண்டு. நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு விரைவாக நீர் ஆவியாகும். வட மாநிலங்களில் ‘லூ’ என்னும் அனல்காற்று வீசும் நாள்களில், கஸ் வேரால் முடைந்த தட்டியைச் சாளரத்தில் தொங்கவிட்டு நீர் தெளித்தால், உள்ளே வரும் காற்று குளிர்ந்தும் மணந்தும் வரும். பேரரசர் அக்பர் இவ்வேரால் சிறு குடில்கள் அமைக்கச் செய்ததாக அயினி அக்பரி கூறுகிறது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரையூர்களில் காற்றிலேயே ஈரம் மிகுதி. அங்குத் தட்டி அவ்வளவு உதவாது. ஆகவே நம் வீடுகளில் வேர் பானைக்குள் சென்றது. குடிநீருக்கு மணம் தந்தது. தேங்காயெண்ணெயில் ஊறிக் கூந்தலுக்குச் சென்றது. பயற்றம்பருப்பு, கத்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு இவற்றோடு அரைபட்டு நலங்குமாவு ஆயிற்று. விசிறியாயிற்று, இறைவனுக்கு மாலையும் ஆயிற்று.

‘வெட்டிவேர்’ என்னும் தமிழ்ச்சொல்லே பிரெஞ்சு மொழிக்கும் ஆங்கிலத்திற்கும் சென்று ‘வெட்டிவர்’ என வழங்குகிறது. பாரிசு நகரத்து நறுமணக் குப்பியின் மீதும் நம் சொல் இருக்கிறது. இதனைச் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள், நல்லது. ஆனால் பெயர் நம்முடையது என்பதால் புல்லும் நமக்கு மட்டும் உரியதாகிவிடாது. உத்தரப்பிரதேசத்திலும் இராசத்தானிலும் ஆற்றோரங்களிலும் சதுப்பிலும் இது தானாகவே வளர்கிறது. கன்னோசி நகரில் செப்புப் பானைகளில் இவ்வேரைக் காய்ச்சி அத்தர் வடிக்கிறார்கள். வடமொழியில் இதற்கு ‘உசீரம்’ என்று பெயர். சொல்லைக் கொண்டாடிவிட்டு வேரைத் தொட்டும் பாராத பெருமை எனக்கு உடன்பாடன்று.

நான் வருந்துவது வேறொன்றிற்காக. நம் பிள்ளைகள் பலர், தமிழ் என்பதே விடுமுறையில் ஊருக்குச் சென்று பெட்டியில் எடுத்துவரும் பொருள் என்று எண்ணுகிறார்கள். பெட்டி காலியானால் தமிழும் தீர்ந்தது. அடுத்த மே மாதம்வரை காத்திருக்கவேண்டும்! அடுத்த தெருவில் கிடக்கும் பொருளுக்குத் தமிழ்ப்பெயர் சொல்லத் தெரிந்தவனுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. அவனுக்கு ஒரு பொருளுக்கு இரண்டு பெயர்கள் தெரியும். அது செல்வம்.

எனவே, இக்கோடையில் நீங்களே கடைக்குச் சென்று வாங்குங்கள். ‘கஸ்கஸ்’ என்று கேட்டால் கடைக்காரர் கசகசாவை நிறுத்துத் தந்துவிடக்கூடும். இந்தியில் அதற்கும் அதுவே பெயர். ‘கஸ் கீ ஜட்’, அதாவது கஸ் வேர் என்று தெளிவாகக் கேளுங்கள். பச்சை நிறப் பாகுப் புட்டியைக் காட்டினால் வேண்டாவென்று சொல்லுங்கள். வேரின் நிறம் பழுப்பு. அது ஊறிய நீரின் நிறமோ மங்கிய மஞ்சள். அந்தப் பச்சை பெரும்பாலும் பின்னர்ச் சேர்த்த நிறம். கூலருக்கென விற்கும் தட்டியிலிருந்து பிய்த்த வேரையும் குடிநீரில் இடாதீர்கள். அது தூசும் அழுக்கும் படிந்தது.

வாங்கிய வேரை மண்போக நான்கைந்து முறை அலசி, மெல்லிய வெள்ளைத் துணியில் முடிந்து பானையில் இடுங்கள். இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை எடுத்து நன்கு வெயிலில் காயவைத்து மீண்டும் இடலாம். மணம் குறைந்த வேரை எறிந்துவிடவும் வேண்டா. மார்ச்சு மாதத்தில் கம்பளியாடைகளையும் ரஜாயையும் பெட்டியில் மடித்து வைக்கிறோமே, அவற்றினிடையே உலர்ந்த வேரைப் பரப்பி வையுங்கள். கம்பளி வழக்கமில்லாத நம் பாட்டி வீட்டில் இந்தப் பயனுக்குத் தேவை இருந்ததில்லை. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது இதனை நீங்கள் அவருக்குச் சொல்லலாம்.