எங்கே வாங்கினாய் என்று கேட்காத தராசு

சில ஆண்டுகளுக்கு முன் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் மாருதி ஈகோ வண்டிக்காரர்கள் பலருக்குப் பொழுது இப்படித்தான் விடிந்தது: சாவியைத் திருப்பியதும் வண்டி டிராக்டர்போல் உறுமும், குனிந்து பார்த்தால் சைலன்சர் இருந்த இடம் காலி. அதற்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி. அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சு. எடை என்னவோ சில கிராம்தான். ஆனால் 2021இல் ரோடியத்தின் விலை தங்கத்தைப்போல் பத்து மடங்கைத் தாண்டியது. கழற்ற ஒரு ஸ்பேனர் போதும். விற்க ஒரு கடை வேண்டும். அந்தக் கடையைப் பற்றித்தான் நாம் பேசவேண்டியிருக்கிறது.

நம் ஊரில் இதற்குத் தம்பி முறை, மோட்டார் கேபிள் திருட்டு. ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் கேபிளை இரவோடு இரவாக அறுக்கிறார்கள். ஓடைக்கரையில் போட்டு மேலுறையைக் கொளுத்துகிறார்கள். கரி அப்பிய செம்பைச் சுருட்டிச் சாக்கில் போட்டுக் காயலான் கடைக்குப் போகிறார்கள். விற்றவனுக்கு அன்றைய செலவுக்குக் காசு. பறிகொடுத்தவருக்கோ பயிர் வாடும் நாளில் பல்லாயிரம் ரூபாய் கடன். கரி வாசனைகூடப் போகாத கம்பி தராசில் ஏறும்போது, “இது ஏதப்பா?” என்று ஒரு வார்த்தை கேட்கக் கடைக்காரருக்கு ஏன் தோன்றவில்லை? கேட்காமல் இருப்பதுதான் அவருக்கு லாபம். அப்படி வைத்திருப்பது நிர்வாகம்.

திருட்டுப் பொருள் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவுப்படி மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால், அது திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினார் என்று காட்டவேண்டும். விற்றவன் பேரும் இல்லை, வாங்கிய தேதியும் இல்லை, ரசீதும் இல்லை என்றால் எதை வைத்துக் காட்டுவது? பதிவேடு இல்லாத கடையில் “தெரியாது” என்ற ஒரு சொல்லே முன்ஜாமீன்.

அடகுக் கடைக்கு 1943லேயே தனிச் சட்டம் போட்டோம். உரிமம், பதிவேடு, சீட்டு எல்லாம் உண்டு. ஒரு மூக்குத்திக்கு எழுதும் கணக்கு ஒரு மூட்டைச் செம்புக்குக் கூடாதா? அதற்கு வழியில்லை என்று சொல்லவேண்டாம். 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவுபெற்ற வியாபாரியே ஜிஎஸ்டி கட்டவேண்டும். தனக்கு வரவேண்டியது என்றால் அரசுக்குக் கணக்குக் கேட்கத் தெரிகிறது!

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பழைய உலோகக் கடைக்கு உரிமம் தருவது உள்ளாட்சி மன்றம்தான். அங்கே ரொக்கம் கொடுத்து வாங்கக்கூடாது. விற்பவரின் அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவை மூன்றாண்டு வைத்திருக்கவேண்டும். தொழில் உரிமம் தரும் அதிகாரம் நம் மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் இருக்கிறது. அதை வெறும் கட்டண வசூலாக நடத்துவது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது.

பேப்பர், பாட்டில் பொறுக்கி வயிறு வளர்ப்பவரை இதில் இழுக்கவேண்டாம். அவரிடம் ஆதார் கேட்டு மிரட்டுவதற்கு இது சாக்காகிவிடக் கூடாது. கேபிள், செம்பு, சைலன்சர், சாக்கடை மூடி ஆகியவற்றுக்கு மட்டும் விற்பவரின் அடையாளம், சரக்கின் போட்டோ, வங்கி வழியே பணம். வாங்கிய சரக்கை ஒரு வாரமாவது உடைக்காமல், உருக்காமல் வைத்திருக்கவேண்டும். பதிவேட்டைக் காவல் நிலையம் மாதம் ஒருமுறை பார்க்கவேண்டும். மீறினால் உரிமம் ரத்து.

இதை நிபந்தனையாகச் சேர்த்து அடுத்த மன்றக் கூட்டத்திலேயே தீர்மானம் வரவேண்டும். அது வரும்வரை, கேபிளை அறுத்தவனோடும் அதை எடைபோட்டு வாங்கியவரோடும் சேர்த்து, உரிமத்தில் கையெழுத்துப் போட்டவரையும் கணக்கில் வைப்போம்.