பின்னாசனத்தில் இருந்து பாருங்கள்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரு குடும்பத்தின் கையிருப்பையும் மனவலிமையையும் ஒருங்கே சோதிக்கும் கருமங்கள் அவ்விரண்டும். இக்காலத்தில் மூன்றாவதாக ஒன்றையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். அதுதான் மோட்டார் வண்டி வாங்குதல்.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்குரிய வண்டிகளுக்கு 2025 பெப்ரவரி முதலாந் திகதியே மீண்டும் வழி திறந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அடக்கி வைத்திருந்த ஆசை, அணை திறந்த வெள்ளம் போற் பாயத் தொடங்கியதில் வியப்பில்லை. அவ்வாசை பெரிதும் நாடுவது எதனை? நிமிர்ந்த தோற்றமும், அடக்கமான நீளமும், உள்ளே தோல் ஆசனமும், மேலே கண்ணாடிக் கூரையும் கொண்ட சிறிய சொகுசு எஸ்.யூ.வி. வண்டியையே.

அதனை விரும்புதல் பிழையன்று. அழகிய பொருளை விரும்பாதார் யார்? ஆயினும், நாள்தோறும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும், நம்மை அலுவலகத்துக்கும், வயோதிபத் தாயாரை வைத்தியரிடத்துக்கும் கொண்டு செல்ல வேண்டிய வண்டியைக் காட்சியறை வெளிச்சத்தில் முன்புற அழகை மட்டும் கண்டு தேர்ந்தெடுக்கலாமா? ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பும், இனி வரும் பல ஆண்டுச் சம்பளத்தின் ஒரு பங்கும் இத்தேர்விலே தங்கியிருக்கின்றன. ஆதலின் சற்று நிதானமாக ஆராய்வோம்.

இது ஜீப் அன்று

நம்மிற் பலர் இவ்வகை வண்டியை ‘ஜீப்’ என்றே அழைக்கின்றனர். பழைய ஜீப், ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மீது உடலை வைத்துப் பூட்டிய வண்டி; சேற்றுக்கும் காட்டுக்கும் உரியது. இன்றைய சிறிய எஸ்.யூ.வி.யோ, உயரமாக்கப்பட்ட கார். 1994 இல் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் தன் கார்களின் உறுப்புக்களைக் கொண்டு, சட்டமும் உடலும் ஒன்றாய் அமைந்த ‘ராவ்4’ வண்டியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஹொண்டாவின் ‘சீ.ஆர்.வீ.’ வந்தது. 1997 இல் வந்த டொயோட்டா ‘ஹரியர்’ இவ்வமைப்போடு சொகுசையும் சேர்த்தது. அதுவே பிற நாடுகளில் லெக்ஸஸ் ‘ஆர்.எக்ஸ்.’ என்ற பெயரில் விலைப்பட்டது. பின்னர் 2009 இல் பி.எம்.டபிள்யூ. ‘எக்ஸ்1’, 2011 இல் ஔடி ‘கியூ3’, 2017 இல் வொல்வோ ‘எக்ஸ்.சீ.40’, 2023 இல் லெக்ஸஸ் ‘எல்.பீ.எக்ஸ்.’ எனச் சிறிய சொகுசு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின.

இவற்றுட் கடைசியாகச் சொன்ன ‘எல்.பீ.எக்ஸ்.’ வண்டி, டொயோட்டாவின் ‘யாரிஸ் குறொஸ்’ என்னும் சாதாரண வண்டிக்குரிய அதே அடித்தளத்தின் மேல் எழுந்தது. இது குறையன்று, அடித்தளம் நல்லதே. ஆனால் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு எதைப் பெறுகிறோம் என்பதை அறிந்து கொடுத்தல் வேண்டும். அமைதி, ஆசனத்தின் தரம், வேலைப்பாட்டின் நுணுக்கம், பெயர் ஆகியவையே அவை. முதல் மூன்றும் பயணம் செய்வோருக்கு, நான்காவது பார்ப்போருக்கு.

இவ்வண்டிகளுட் பெரும்பாலானவை முன்சில்லுகளாலேயே இழுக்கப்படுவன. நான்கு சில்லு இழுவையும் உடன் கிடைப்பதுண்டு. கொழும்பு காலி வீதியிலும், யாழ்ப்பாணம் கண்டி ஏ9 வீதியிலும் ஓடும் குடும்பத்துக்கு அது பெரும்பாலும் வேண்டாத பாரம். பெற்றோலையும் அதிகம் குடிக்கும். நமக்குப் பயன்படுவது நிலத்துக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையேயுள்ள உயரமே. வொல்வோ ‘எக்ஸ்.சீ.40’ இல் அது ஏறத்தாழ 21 சென்ரிமீற்றர். மாரிகாலத்தில் வெள்ளம் நின்று வடிந்த வீதிகளில் இவ்வுயரத்தின் அருமை தெரியும்.

‘சிறியது’ என்பது எவ்வளவு?

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர் கார் ஏறத்தாழ 3.76 மீற்றர் நீளமும் 1.55 மீற்றர் அகலமும் உடையது. நம் பழைய மதில்களும் கேற்றுக்களும் அத்தகைய வண்டிகளின் காலத்தவை. இன்று ‘சிறியது’ என்று விற்கப்படும் ‘எல்.பீ.எக்ஸ்.’ 4.19 மீற்றர் நீளம், ‘எக்ஸ்.சீ.40’ 4.4 மீற்றருக்கு மேல். புதிய ‘எக்ஸ்1’ 4.5 மீற்றர். அகலமோ, பக்கக் கண்ணாடிகள் நீங்கலாகவே 1.8 மீற்றரைத் தாண்டுகிறது.

ஆகவே, விலை கேட்கப் போவதற்கு முன் அளவு நாடாவை எடுத்து வீட்டுக் கேற்றையும், போர்ட்டிக்கோவையும், ஒழுங்கை திரும்பும் மூலையையும் அளந்து பாருங்கள். வெள்ளவத்தையில் மாடி வீட்டில் வாழ்வோர், தமக்கு ஒதுக்கப்பட்ட தரிப்பிடத்தில் வண்டியை நிறுத்திய பின் கதவைத் திறந்து இறங்க இடம் எஞ்சுமா என்று கணக்கிடல் வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது வண்டிக்கும் பொருந்தும்.

பின்னாசனமே உரைகல்

வண்டி பார்க்கப் போகும் குடும்பத் தலைவர் பெரும்பாலும் ஒரு நண்பரை அழைத்துச் செல்கிறார். சாரதி ஆசனத்தில் அமர்கிறார், திரையைத் தொட்டுப் பார்க்கிறார், மயங்குகிறார். ஆனால் அவ்வண்டியில் நாள்தோறும் பயணஞ் செய்வோருட் பலர் பின்னால் இருப்போர் அல்லவா? மனைவியும் பிள்ளைகளும் தாயாரும் பார்க்காத வண்டிக்கு முற்பணங் கொடுத்தல் தகாது.

முழங்கால் வலியுள்ள முதியவருக்குத் தாழ்ந்த காரில் இறங்கி உட்காருவதும் கடினம். உயர்ந்த ஜீப்பில் ஏறுவதும் கடினம். சிறிய எஸ்.யூ.வி.யின் ஆசனம் அவர்தம் இடுப்பளவில் அமைந்தால், அவர் இலகுவாகப் பக்கவாட்டில் அமர்ந்து கால்களை உள்ளே எடுத்து வைக்கலாம். இவ்வகை வண்டியின் மெய்யான சிறப்பு இதுவே எனலாம். ஆயின் இது வண்டிக்கு வண்டி வேறுபடும். பின்கதவு எவ்வளவு அகலத் திறக்கிறது, கதவின் கீழ்விளிம்பு எவ்வளவு உயரம் என்பதை முதியவரையே ஏற்றி இறக்கிப் பார்த்தல் நன்று.

அடுத்து, அழகுக்காகப் பின்புறம் சரிந்து இறங்கும் கூரையைக் கவனியுங்கள். வெளியே அது எழில்; உள்ளே அது உயரமான மகனின் தலையில் முட்டும். சிறுத்த பின்கண்ணாடிகள் பிள்ளைகளுக்கு இருளையும், பின்னோக்கிச் செலுத்தும் சாரதிக்குக் குருட்டு மூலையையும் தருவன. வீட்டு முற்றத்திற் சிறு குழந்தைகள் விளையாடும் நம் நாட்டில், உயரமான வண்டிக்குப் பின்புறக் கமரா ஆடம்பரமன்று, அவசியம். கமரா இருப்பினும், புறப்படுமுன் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பார்க்கும் பழக்கத்தைக் கைவிடலாகாது. நண்பகல் வெப்பத்தில் பின்னாசனத்தாருக்குக் குளிர்காற்று வரும் வாயில் உண்டா என்பதையும் நோக்குக.

பெரிய சில்லுகளும் ஓர் அழகு மயக்கமே. 19, 20 அங்குலச் சில்லுகளில் ரயரின் பக்கச்சுவர் மெலிந்திருக்கும். குழியில் விழுந்தால் அதிர்ச்சி நேரே இருப்போரின் முதுகுக்கு ஏறும். ரயரும் சில்லின் விளிம்பும் சேதமடைதல் எளிது. மாற்றும் செலவும் அதிகம். அதே வண்டி 17 அங்குலச் சில்லுடன் கிடைக்குமாயின் அதுவே நம் வீதிகளுக்கு உகந்தது.

உயரமும் உயிரும்

உயர்ந்த வண்டியில் அமர்ந்தால் வீதி நன்றாகத் தெரியும். ஆனால் உயரம் கூடக் கூட, சடுதியாகத் திருப்பும்போது கவிழும் இயல்பும் கூடும். 1997 இல் மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் அப்போதைய புதிய ‘ஏ’ வகைக் கார், சுவீடனில் நடந்த சோதனையொன்றில் தடையொன்றை விலக்கி வேகமாகத் திருப்பியபோது கவிழ்ந்தது. அந்நிறுவனம் விநியோகத்தை நிறுத்தி, சில்லுகளைத் தனித்தனியே பிறேக் செய்து வண்டியை நிலைப்படுத்தும் மின்னணுக் கட்டுப்பாட்டை அவ்வகைக் கார்கள் அனைத்திலும் பொருத்தியது. உயரமான வண்டி வாங்குவோர் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று இக்கட்டுப்பாடு. கண்ணாடிக் கூரை இல்லாவிடின் இல்லை. இது இல்லாமற் கூடாது.

அவ்வாறே, வொல்வோவின் பொறியியலாளர் நில்ஸ் போலின் 1959 இல் அறிமுகஞ் செய்த மும்முனைப் பட்டி, பின்னாசனத்தின் நடுவிடத்துக்கும் உண்டா என்று பாருங்கள். பாட்டியின் மடியிலிருக்கும் பேரக்குழந்தை பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ணுவது அன்பினால் வரும் மயக்கம். மோதும் வேகத்தில் எந்தக் கையும் குழந்தையைப் பற்றிக்கொண்டிருக்க இயலாது. குழந்தைக்குரிய தனி ஆசனத்தைப் பூட்டும் கொளுவிகள் வண்டியில் இருத்தல் வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர் காற்றுப்பைகளையும் விசாரித்தறிதல் வேண்டும். ஜப்பானின் தகாதா நிறுவனம் செய்த காற்றுப்பைகளின் வெடிமருந்து, வெப்பத்தாலும் ஈரப்பதனாலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறச் செய்தது. உலகெங்கும் பல கோடி வண்டிகள் மீள அழைக்கப்பட்டன. 2017 இல் அந்நிறுவனம் முறிந்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டில் வாழும் நாம் இதனைச் சிறிதென எண்ணலாமா? வண்டியின் அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு, திருத்தம் செய்யப்பட்டதா என்று அறியலாம்.

எஞ்சினும் எரிபொருளும்

நம் நாட்டில் பெற்றோல் வண்டியின் உற்பத்தித் தீர்வை எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டும், மின்சார வண்டியின் தீர்வை அதன் மோட்டார் வலுவைக் கொண்டும் கணிக்கப்படுகிறது. பெறுமதி ஒரு வரம்பைக் கடந்தால் சொகுசு வரியும் சேரும். ஆகையால் சிறிய எஞ்சினில் டர்போ பொருத்திய வண்டிகள் நம்மிடையே பெருகின. அவை வலுவில் குறைந்தவையல்ல. ஆனால் ஐரோப்பியச் சிறு டர்போ எஞ்சின்கள் பெரும்பாலும் 95 ஒக்ரேன் பெற்றோலுக்கென அமைந்தவை. உரிய காலத்தில் உரிய எண்ணெய் மாற்றாவிடின் பொறுக்கமாட்டா. 92 ஒக்ரேனின் விலையைக் கொண்டு மாதச் செலவைக் கணக்கிட்டவர் பின்னர் வருந்துவர்.

பெற்றோலும் மின்சாரமும் கலந்தோடும் ஹைபிரிட் வண்டி, பிறேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை மின்கலத்தில் சேர்த்து மீண்டும் பயன்படுத்துகிறது. ஆதலின் நின்று நின்று ஊரும் கொழும்பு நெரிசலிலே அதன் இலாபம் அதிகம். ஏ9 வீதியில் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓடுவோருக்கு இலாபம் குறைவு. டொயோட்டா, லெக்ஸஸ் ஹைபிரிட் வண்டிகள் பலவற்றில் மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்றுவாயில் பின்னாசனத்தின் அருகே இருக்கும். அதைப் பையினாலோ துணியினாலோ மூடலாகாது. அதன் வடிகட்டியைத் துப்புரவு செய்தல் வேண்டும். முற்றிலும் மின்சாரத்தில் ஓடும் வண்டி, நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிலோமீற்றர் ஓடி, இரவில் சொந்த முற்றத்தில் மின்னேற்றக்கூடிய குடும்பத்துக்கு மிக உகந்தது. 2022 இல் பெற்றோலுக்கு நின்ற வரிசையை மறவாதவர்க்கு இதன் கவர்ச்சி விளங்கும். தரிப்பிடத்தில் மின்னிணைப்புக்கு வழியில்லாதவர் அவ்வழியை முதலில் தேடிக்கொள்ள வேண்டும்.

புத்தம் புதிய மாதிரியின் முதலாண்டு வண்டியை வாங்க விரையாதீர்கள். 2013 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த ஹொண்டா ‘வெசல்’ ஹைபிரிட், நம் நாட்டிலும் பெரும் விருப்பைப் பெற்றது. அதன் கியர் அமைப்பின் கட்டுப்பாட்டுக் குறைபாட்டால் 2014 இலேயே மீள அழைப்புக்கள் நேர்ந்தன. பிற்கால வண்டிகள் அத்திருத்தங்களின் பயனைப் பெற்றவை. பொறுத்தவர் நட்டப்படவில்லை.

வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

யானையைக் கட்டித் தீனி போடுவது என்று ஒரு பேச்சு உண்டு. வாங்கிய விலை ஒரு நாளோடு முடிகிறது. காப்புறுதி, ரயர், எண்ணெய், உதிரிப்பாகம், லீசிங் தவணை ஆகியவை முடிவதில்லை. தவணை, எரிபொருள், காப்புறுதி ஆகிய மூன்றையும் மாதக் கணக்கில் கூட்டி, பிள்ளைகளின் கல்விக்கும் பெற்றோரின் மருந்துக்கும் உரிய பணத்தைத் தொடாமல் கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாதெனில், அந்த வண்டி எவ்வளவு அழகாயினும் நமக்குரியதன்று.

1990 க்குப் பின், எரிபொருள் தடை நிலவிய ஆண்டுகளில், யாழ்ப்பாணத்துப் பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் ஒரு துளி பெற்றோலில் முடுக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அவ்வூர்த் தொழிலாளரின் கையும் அறிவும் அவற்றைக் காத்தன. இன்றைய சொகுசு வண்டியை அங்ஙனம் காக்க இயலாது. அதன் நோயை அறிவதற்கே கணினி வேண்டும். ஆகவே, நம் ஊரில் அதைத் திருத்தத் தெரிந்தவர் யார், உதிரிப்பாகம் எங்கிருந்து எத்தனை நாளில் வரும் என்ற விடைகள் கிடைத்த பின்னரே கையொப்பமிடுக. ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டியாயின், அதன் மூல ஏலப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, ஓடிய தூரத்தையும் முன்னைய சேதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். காட்ட மறுப்பவரிடம் வாங்குவதைத் தவிர்த்தலே நலம்.

இறுதியாக ஒன்று. தெரிவு இரண்டு வண்டிகளாகச் சுருங்கியதும், வார நாளொன்றில் பள்ளிக்கூட நேரத்தில், நீங்கள் நாள்தோறும் செல்லும் அதே வீதியில், குடும்பத்தினர் அனைவரையும் ஏற்றி இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். ஒருமுறை நீங்களே பின்னால் அமருங்கள். தாயார் முனகாமல் இறங்கினாரா? பிள்ளைகள் வாந்தி எடுக்காமல் வந்தார்களா? ஒழுங்கை மூலையில் மனைவி அச்சமின்றித் திருப்பினாரா? அந்த வண்டியையே எடுங்கள். அயலவர் ஒரு கிழமை வியப்பர்; பின் மறந்துவிடுவர். உள்ளே இருப்போரோ பத்தாண்டுகள் அதிற் பயணஞ் செய்வர்.